அசைத்தது யார்? பதில் சொல்லும் பொம்மைகளின் வரலாறு

பிள்ளைத்தமிழின் பருவப் பெயர்களை நிதானமாகப் படித்தால் ஒன்று புலப்படும். அவற்றுள் பல, குழந்தை தன் கையால் செய்யும் செயல்களின் பெயர்கள். இரு கைகளையும் சேர்த்துத் தட்டுவது சப்பாணி. சிறுபறை முழக்குவதும் சிறுதேர் உருட்டுவதும் ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கு உரியவை. அம்மானை ஆடுவது பெண்பாலுக்கு உரியது. இப்பருவங்களில் குழந்தை தன்னைச் சுற்றியுள்ள உலகில் ஏதோ ஒரு மாற்றத்தை நிகழ்த்துகிறது. பறை ஒலிக்கிறது, தேர் நகர்கிறது. பெரியவர்கள் அதைக் கண்டு மகிழ்கிறார்கள்.

கை இணங்காத குழந்தைக்கு இந்த வரிசையில் இடம் எங்கே? இக்கேள்வியைப் புலவர்கள் மட்டுமல்ல, பொம்மை செய்தவர்களும் நெடுங்காலம் எழுப்பவில்லை. மூளை முடக்குவாதத்தால் விரல்களை மடக்க இயலாத குழந்தையின் கையில் கிலுகிலுப்பை நிற்காது. அருகிலிருப்பவர் ஆட்டினால் ஒலிக்கும். காதில் விழும் ஒலி இரண்டு நிலையிலும் ஒன்றே. ஆனால் அதை அசைத்தது யார் என்பதில்தான் விளையாடுவதற்கும் வேடிக்கை பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அடங்கியிருக்கிறது.

தொடுதலையும் மூச்சையும் நிழலையும் அறிந்துகொள்ளும் சிறு மின்சுற்றுகளை வீட்டு மேசைகளிலும் பள்ளி அறைகளிலும் கையால் செய்து, அவற்றை விளையாட்டுப் பொருள்களோடு இணைத்தவர்களின் வரலாறு இக்கட்டுரை. பெருநிறுவனங்கள் இதில் பின்னால் வந்து சேர்ந்தவை. இசைக் கலைஞர், நரம்பியல் ஆய்வாளர், உளவியலாளர், பள்ளி ஆசிரியர் எனப் பலர், பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே கேள்வியைத் தொட்டிருக்கிறார்கள். ஒரு பொருளைப் பதில் சொல்லவைக்க எவ்வளவு வலிமை வேண்டும்? ஏறத்தாழ எதுவும் வேண்டாம் என்பதே மின்னணுவியல் தந்த விடை.

காற்றில் அசைந்த கை

1920ஆம் ஆண்டு. பெட்ரோகிராடில் இயற்பியலாளர் அப்ராம் யோஃபேயின் ஆய்வுக்கூடத்தில் லெவ் தெர்மென் என்ற இளைஞர் வாயுக்களின் மின்பண்புகளை அளக்கும் கருவியொன்றை அமைத்துக்கொண்டிருந்தார். அளவின் ஏற்ற இறக்கத்தைக் காதால் கேட்டறியும் வகையில் அதில் ஓர் ஒலியையும் சேர்த்திருந்தார். கருவியின் அருகே தன் கை வரும்போதும் விலகும்போதும் அந்த ஒலி மாறுவதைக் கவனித்தார். மனித உடல் மின்னூட்டத்தைத் தாங்கக்கூடியது. கருவியின் கம்பிக்கும் கைக்கும் இடைப்பட்ட காற்று ஒரு மின்தேக்கியாகிறது. கை நகர்ந்தால் அதன் அளவு மாறும். ஒரு பிக்கோஃபாரட்டுக்கும் குறைவான மாற்றம் அது. ஆயினும் இரண்டு உயர் அதிர்வெண் அலைகளை மோதவிட்டு அவற்றின் வேறுபாட்டை ஒலியாக்கினால் அச்சிறு மாற்றம் தெளிவாகக் கேட்கும்.

தெர்மென் செல்லோ வாசிக்கத் தெரிந்தவர். எனவே அளவுக்கருவி இசைக்கருவியாயிற்று. 1922இல் கிரெம்ளினில் லெனின் முன் அதை வாசித்துக் காட்டினார். லெனினும் முயன்று பார்த்தார் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. 1928இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. மேலைநாடுகளில் அக்கருவி தெரமின் என்று பெயர் பெற்றது.

தெரமினைத் தலைசிறந்த கச்சேரிக் கருவியாக உயர்த்தியவர் கிளாரா ராக்மோர். வில்னியஸில் பிறந்து, மிக இளம் வயதிலேயே வயலினில் பெயர் பெற்றவர். இளமையில் போதிய ஊட்டமின்றி எலும்புகள் நலிந்ததால் கையில் தொல்லை ஏற்பட்டு வயலினைக் கைவிட நேர்ந்தது. வில்லை அழுத்தவும் நரம்பைப் பற்றவும் இயலாத கைக்கு, எதையும் தொடாமலே வாசிக்கும் கருவி கிடைத்தது. கருவியின் நுட்பங்களைச் செம்மைப்படுத்துமாறு தெர்மெனைத் தூண்டியவர்களில் அவரும் ஒருவர். தெர்மென் ஊனமுற்றோரை எண்ணி இதைச் செய்தவரல்லர். ஆனால் வலிமை தேவைப்படாத உணரி ஒன்று பிறந்ததும், வலிமை குன்றிய ஒரு கை அதைத் தேடி அடைந்துவிட்டது.

தெரமின் வீட்டு மேசைக்கு வந்தது ராபர்ட் மூக்கின் வழியாக. 1934இல் பிறந்த அவர் பதினான்கு வயதிலேயே வரைபடம் ஒன்றைப் பார்த்துத் தெரமின் செய்தவர். 1954இல் அதைச் செய்யும் முறையை வானொலி ஆர்வலர்களுக்கான இதழில் எழுதினார். 1961இல் டிரான்சிஸ்டரில் இயங்கும் வடிவத்தை வெளியிட்டு, உதிரிப் பாகங்களை ஏறத்தாழ ஐம்பது டாலருக்குப் பெட்டியாக விற்றார். ஏறத்தாழ ஆயிரம் பெட்டிகள் விற்றன. பிற்காலத்தில் மூக் சிந்தசைசரால் உலகப்புகழ் பெற்றவருக்கு முதலீட்டையும் பயிற்சியையும் தந்தவை இந்த வீட்டுத் தயாரிப்புகளே.

பிரிஸ்டலின் ஆமைகள்

பட்டினப்பாலையில் செல்வர் வீட்டுச் சிறுவர் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேர் ஒன்று வருகிறது. 1948, 49ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உருவான மூன்று சக்கரப் பொருளை எவரும் உருட்ட வேண்டியிருக்கவில்லை. வில்லியம் கிரே வால்டர் மூளை மின்னலைப் பதிவுகளில் தேர்ந்த ஆய்வாளர். பிரிஸ்டலிலிருந்த பர்டன் நரம்பியல் நிலையத்தில் பணியாற்றியவர். தன் மனைவி விவியன் டோவியின் துணையோடு இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். எல்மர், எல்சி என்பன அவற்றின் பெயர்கள்.

அவற்றின் அமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு எளியது. இரண்டு வால்வுகள், இரண்டு ரிலேக்கள், இரண்டு மோட்டார்கள். முன்சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஓர் ஒளிமின்கலம் கண்ணாக இருந்தது. மேலே தொங்கவிட்ட ஓடு எதிலாவது இடித்தால் உள்ளே ஒரு மின்தொடர்பு மூடிக்கொள்ளும், அதுவே தொடுபுலன். ஆமை வெளிச்சத்தைத் தேடிச் செல்லும். கண்கூசும் வெளிச்சத்தில் விலகும். தடை வந்தால் பின்வாங்கிச் சுற்றிக்கொண்டு போகும். மின்கலம் தளர்ந்ததும் கூண்டிலிருக்கும் விளக்கு அதை ஈர்க்கும். உள்ளே சென்று தன்னைத்தானே மின்னேற்றிக்கொள்ளும். இரண்டே நரம்பணுக்களுக்கு ஈடான சுற்று இவ்வளவு நடத்தைகளைத் தந்தது.

1950ஆம் ஆண்டு மே மாத ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் வால்டர் இதைப்பற்றி எழுதினார். மறு ஆண்டு லண்டனில் நடந்த பிரிட்டன் விழாவில் ஆமைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. வால்டருக்கு அவை மூளையைப் பற்றிய ஆய்வுக்கருவிகள். ஆனால் பார்த்தவர்களுக்கு அவை முதலில் பொம்மைகள். பழைய பொம்மைகளைப்போல் சாவி கொடுத்தபடி ஒரே வழியில் ஓடாதவை. எதிரிலிருப்பவர் காலை நீட்டினால் வழிமாறும், விளக்கைக் காட்டினால் திரும்பிப் பார்க்கும். புலன் உள்ள பொம்மை என்ற கருத்து பொதுமக்கள் மனத்தில் ஊன்றியது இவற்றாலேயே எனலாம்.

தலையணைக்குள் ஒரு சுவிட்ச்

பொம்மைக்குப் புலன் வந்துவிட்டது. அதனால் குழந்தைக்கு என்ன ஆகிறது என்ற கேள்வியை எழுப்பியவர்கள் உளவியலாளர்கள்.

1960களில் அமெரிக்க உளவியலாளர் கேரலின் ரோவி, தன் கைக்குழந்தையை அமைதிப்படுத்த, தொட்டிலின் மேல் தொங்கும் அசையும் பொம்மைக்கொத்தைக் குழந்தையின் கணுக்காலோடு ஒரு நாடாவால் கட்டினார். தன் கால் அசைந்தால் பொம்மை ஆடுகிறது என்பதைக் குழந்தை விரைவில் கண்டுகொண்டு மேலும் மேலும் உதைக்கத் தொடங்கியது. 1969இல் வெளியான இந்த ஆய்வில் மின்சாரம் ஏதுமில்லை. ஒரு நாடா மட்டுமே. மூன்று மாதக் குழந்தைக்கு நினைவு உண்டா என்ற பெரிய விவாதத்தையே அந்த நாடா திறந்துவைத்தது.

கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜான் வாட்சன் இன்னும் ஒரு படி மேலே சென்றார். எட்டு வாரக் குழந்தைகளின் தலையணைக்குள் அழுத்தத்தை உணரும் சுவிட்சை வைத்தார். தலை சற்றே அழுந்தினால் தொட்டிலின் மேலுள்ள பொம்மைக்கொத்து மோட்டாரால் ஒருகணம் சுழலும். நாளொன்றுக்குப் பத்து நிமிடம், இரண்டு வாரம், அவரவர் வீட்டிலேயே. ஒரு குழுவுக்கு இத்தகைய தலையணை. இன்னொரு குழுவுக்குப் பொம்மைக்கொத்து தானாகவே சுழலும். குழந்தையின் அசைவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மூன்றாம் குழுவுக்கு அசையாத பொம்மைக்கொத்து.

முதற்குழுக் குழந்தைகள் தலையை அடிக்கடி அசைக்கத் தொடங்கின. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத ஒன்றைத் தாய்மார்கள் தெரிவித்தார்கள். சில நாள்களிலேயே குழந்தைகள் பொம்மைக்கொத்தைப் பார்த்துச் சிரிக்கவும் மழலை ஒலி எழுப்பவும் தொடங்கின. பெரியவர் முகத்தைக் கண்டு மலரும் சிரிப்பு, தனக்குப் பதில் சொல்லும் ஒரு பொருளின் முன்னும் மலர்ந்தது. உவகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்ணுகிறது. அந்த உவகை சுழலும் பொம்மையின் அழகிலிருந்து வருவதா, தான் சுழற்றினேன் என்பதிலிருந்து வருவதா? வாட்சனின் தலையணை இரண்டாவதே என்று காட்டியது. இரண்டாம் குழுவும் அதேபோன்ற சுழற்சியைக் கண்டது. ஆனால் அந்தக் களிப்பு அங்கு இல்லை.

இதைவிட முக்கியமான முடிவு பின்னர் கிடைத்தது. தானாகச் சுழலும் பொம்மையைப் பார்த்துப் பழகிய குழந்தைகளுக்குச் சில வாரங்கள் கழித்து ஆய்வுக்கூடத்தில் உண்மையான கட்டுப்பாடு தரப்பட்டபோது, அவர்களால் அதைக் கற்றுக்கொள்ள முடியவில்லை. தன் செயலுக்கும் உலகுக்கும் தொடர்பில்லை என்பதும் கற்றுக்கொள்ளப்படும் ஒரு பாடமே. 1972இல் வெளியான இந்த ஆய்வுகளைப் படித்தவர்களுக்கு ஓர் அச்சம் எழுந்திருக்க வேண்டும். கடுமையான உடற்குறையோடு பிறந்து, எல்லாம் பிறரால் செய்யப்பட்டு, வண்ணமயமான பொருள்கள் சூழப் படுத்திருக்கும் குழந்தை, ஆண்டுக்கணக்கில் அந்த இரண்டாம் குழுவில் இருக்கிறதல்லவா?

உடலே சுற்றின் பகுதியாக

இதே காலத்தில் நெதர்லாந்தில் இசைக் கலைஞர்கள் வேறொரு வழியில் சென்றுகொண்டிருந்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் 1969இல் தொடங்கப்பட்ட ஸ்டைம் என்ற மின்னணு இசைக்கூடத்தில் மிஷெல் வைஸ்விஸ் 1970களின் நடுவில் ‘கிராக்டோஸ்’ என்ற சிறு பெட்டியை முழுமைப்படுத்தினார். மொறுமொறுக்கும் பெட்டி என்று பொருள் கொள்ளலாம். ஆறு உலோகத் தகடுகள், ஒரு 709 வகைப் பெருக்கிச் சில்லு, ஒரு சிறிய ஒலிபெருக்கி, 9 வோல்ட் பேட்டரி. பெட்டியில் சுற்று முழுமையாக இருக்காது. விரல்கள் தகடுகளைத் தொடும்போது தோலின் வழியே மின்னோட்டம் பாய்ந்து சுற்று நிறைவடையும். விரலின் ஈரம், அழுத்தம், தொடும் பரப்பு ஆகியவற்றுக்கேற்ப அது கீச்சிடும், முனகும், உறுமும். எப்படித் தொட்டாலும் ஏதோ ஒன்று கேட்கும். தவறான தொடுதல் என்று ஒன்று இல்லை. சில ஆயிரம் பெட்டிகள் விற்பனையாயின.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் சீமோர் பேப்பர்ட் குழுவினர் வால்டரின் ஆமையை மறுபிறவி எடுக்கச் செய்தனர். லோகோ மொழியின் கட்டளைக்கேற்பத் தரையில் நகர்ந்து கோடு வரையும் ஆமை அது. கட்டளையைத் தட்டச்சு செய்ய எழுத்தறிவு வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாத மழலைகளுக்கு என்ன வழி என்று சிந்தித்தவர் ரேடியா பெர்ல்மன் என்ற மாணவி. 1974இல் அவர் வகுத்த ‘டார்டிஸ்’ அமைப்பில் தட்டச்சுப் பலகைக்குப் பதிலாகப் பெரிய பொத்தான்கள் பதித்த பெட்டிகள். முன்னே, பின்னே, திரும்பு, விளக்கேற்று. அடுத்துச் செய்த ‘ஸ்லாட் மெஷின்’ என்பதில் கட்டளைகள் பிளாஸ்டிக் அட்டைகளாயின. குழந்தை அவற்றை வரிசையாகத் துளைகளில் செருகிப் பொத்தானை அழுத்தினால் ஆமை அவ்வரிசையில் நடக்கும்.

பெர்ல்மன் இந்த ஆய்வைத் தொடரவில்லை. குழந்தைகள் தொடர்பான வேலையில் ஈடுபடும் பெண்ணைத் தீவிர அறிவியலாளராகக் கருதமாட்டார்கள் என்ற தயக்கமே காரணம் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். கணினி வலையமைப்புத் துறைக்குச் சென்று 1985இல் ஸ்பேனிங் ட்ரீ என்ற நெறிமுறையை உருவாக்கினார். இணையத்துக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவராகப் போற்றப்படுகிறார். குழந்தை விளையாட்டுப் பொருளைச் சிறு வேலையாகக் கருதும் மனப்பான்மையால் ஒரு துறை எதை இழந்தது என்பதற்கு இது தக்க சான்று.

செப்புத்தகட்டுத் துண்டு

இனி இவ்வரலாற்றின் மையத்துக்கு வருவோம்.

உடல் செயலிழந்தவர்களுக்கான மின்னணுக் கட்டுப்பாடு பிரிட்டனில் 1960களின் தொடக்கத்தில் உருப்பெற்றது. தண்டுவடக் காயமுற்றோருக்குப் பெயர்பெற்ற ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையின் நோயாளிகளுக்காக ரெஜ் மேலிங் ஒரு கருவியைச் செய்தார். குழாய் வழியே மூச்சை உறிஞ்சியும் ஊதியும் விளக்கு, மணி, தட்டச்சு இயந்திரம் ஆகியவற்றை இயக்கலாம். அதன் பெயர் பாசம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் அமைந்த சொல். இலத்தீனில் அச்சொல்லுக்கு ‘என்னால் முடியும்’ என்று பொருள்.

ஆனால் அது பெரியவர்களுக்கானது, விலையுயர்ந்தது. குழந்தைகளின் நிலை வேறு. பிரிட்டனில் 1971 வரை கடுமையான அறிவுத்திறன் குறைபாடுடைய குழந்தைகள் கல்விபெற இயலாதவர்கள் எனப் பள்ளிகளுக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தனர். 1970இல் இயற்றப்பட்ட சட்டமே அவர்களைக் கல்வித்துறையின் பொறுப்பில் சேர்த்தது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம், ஊனமுற்ற குழந்தைகள் அனைவருக்கும் பொதுப்பள்ளியில் கல்வி தரப்படவேண்டும் என்றது. சட்டம் கதவைத் திறந்தது. குழந்தைகள் உள்ளே வந்தார்கள். பேசாத, உட்கார இயலாத, எதையும் பற்ற முடியாத குழந்தையின் முன் ஆசிரியர் என்ன செய்வார்? அதற்கான கருவிகள் கடைகளில் இல்லை.

விடை வகுப்பறைகளிலிருந்தே வந்தது. லிண்டா பர்க்ஹார்ட் என்ற அமெரிக்கச் சிறப்பாசிரியர், கடும் குறைபாடுடைய குழந்தைகளுக்காக வீட்டிலேயே செய்யத்தக்க மின்கலப் பொம்மைகள், கற்றல் கருவிகள் பற்றி 1980இல் ஒரு கையேட்டை வெளியிட்டார். 1982இல் அதன் தொடர்ச்சி வந்தது. பொறியாளருக்காக அல்ல, ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் எழுதப்பட்ட நூல்கள். அக்காலத்தில் இவ்வழியில் பரவிய நுட்பங்களுள் மிக எளியதும் மிகப் பயனுள்ளதும் மின்கலத் தடுப்பான்.

அதன் செய்முறை இதுதான். மெல்லிய செப்புத்தகட்டில் நாணய அளவில் இரண்டு வட்டங்கள் வெட்டி, இடையே மின்கடத்தாத அட்டையொன்றை வைத்து ஒட்டவேண்டும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு மின்கம்பியைப் பற்றவைத்து, கம்பிகளின் மறுமுனையில் 3.5 மில்லிமீட்டர் செருகுதுளையைப் பொருத்தவேண்டும். கடையில் வாங்கிய, தாளம் போடும் குரங்கு பொம்மையின் பேட்டரிக்கும் அதன் உலோகத் தொடுமுனைக்கும் நடுவே இந்தத் துண்டைச் செருகினால் மின்னோட்டம் அறுபடும். செருகுதுளையில் ஒரு சுவிட்சை இணைத்து அழுத்தினால் மீண்டும் ஓடும். பொம்மையை உடைக்கவோ திறக்கவோ வேண்டாம். துண்டை உருவிவிட்டால் அது பழைய பொம்மைதான். வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளும் விளையாடலாம்.

சுவிட்சையும் கையாலேயே செய்தார்கள். இரண்டு அட்டைகளில் அலுமினியத் தாளை ஒட்டி, நடுவே துளைகளிட்ட பஞ்சுப்படலத்தை வைத்தால் அழுத்துதகடு தயார். துளை பெரிதானால் மெல்லிய அழுத்தமே போதும். தலை சாய்ந்தால் மூடிக்கொள்ளும் சுவிட்சுகளும் இருந்தன. அவற்றில் கண்ணாடிக் குமிழிக்குள் பாதரசம் உருளும். நச்சுத்தன்மை காரணமாக அது பின்னர் கைவிடப்பட்டு உலோக உருண்டை அதன் இடத்தைப் பிடித்தது. அக்காலத்துக் கேசட் ரெக்கார்டர்களில் ஒலிவாங்கியின் சுவிட்சுக்கென ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியே குழந்தையின் சுவிட்சை இணைத்தால் பாட்டு ஓடும், நிற்கும்.

ஒருகணம் மட்டுமே அழுத்த முடிகிற குழந்தைக்கு நேரங்காட்டிச் சுற்று தேவை. 1972இல் விற்பனைக்கு வந்த 555 என்ற சில்லு அதை எளிதாக்கியது. ஒரு மெகா ஓம் தடையும் பத்து மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் சேர்த்தால், ஒரு தொடுதலுக்குப் பதினொரு விநாடி பொம்மை ஆடும். இந்த அளவைத் தேர்வதில்தான் ஆசிரியரின் நுண்ணறிவு வெளிப்படும். மிகக் குறைவாக இருந்தால் களைப்பு; மிக நீண்டால், தான் செய்ததன் விளைவு என்ற தொடர்பே அறுந்து பொம்மை தானாக ஆடுவதாகிவிடும். வாட்சனின் இரண்டாம் குழு மீண்டும் வந்துவிடும்.

சுற்று எளியது. கடினமானது, குழந்தையின் உடலில் எந்த இடம் அதன் விருப்பத்துக்கு இணங்கி அசைகிறது என்று கண்டுபிடிப்பது. கன்னம், முழங்கால், கட்டைவிரல், புருவம் என எதுவாகவும் இருக்கலாம். அதற்குப் பல நாள் பொறுமையாகப் பார்த்திருக்க வேண்டும். முதல் அழுத்தம் தற்செயல், இரண்டாவதும் அப்படியே. பொம்மை நின்றதும் குழந்தை சற்றே காத்திருந்து, பார்வையை அதன்மேல் நிறுத்தி மீண்டும் அழுத்தினால், அது தற்செயல் அன்று என்று தெரியும். எதுவும் புரியாது என்று கோப்பில் எழுதப்பட்டிருந்த குழந்தைக்குப் புரிகிறது என்பதற்கு, பேச்சின்றிக் கிடைக்கும் சான்று அது. இந்தச் செப்புத்தகட்டுத் துண்டின் மதிப்பு பொம்மையை ஆடவைத்ததில் அல்ல, இப்படியொரு சான்றைச் சாத்தியமாக்கியதில் இருக்கிறது.

இதில் ஒரு குறையும் உண்டு. காரணம், விளைவு என்ற பாடத்தோடு நின்றுவிட்டால் பத்து ஆண்டுகளும் அதே குரங்கு தாளம் போட்டுக்கொண்டிருக்கும். ஒரு சுவிட்சை அழுத்தத் தெரிந்தவர் இரண்டில் ஒன்றைத் தேர்வார். பிறகு வேண்டும், வேண்டாம் என்று சொல்வார். பிறகு சொற்களைத் தேர்வார். பொம்மை அந்த வழியின் வாயில் மட்டுமே. பர்க்ஹார்டின் பிற்காலப் பணி பேச்சியலாதோரின் தகவல் தொடர்பை நோக்கிச் சென்றது இயல்பானதே.

ஒளியறையும் ஒலிக்கதிரும்

நெதர்லாந்தின் ஏட நகரிலுள்ள ஹார்டன்பெர்க் நிலையத்தில் 1970களில் யான் ஹுல்செக்க, ஆட் வெர்ஹுல் இருவரும் வேறொரு முயற்சியைத் தொடங்கினர். முகர்தல், அரைத்தூக்கத்தில் ஆழ்தல் என்ற இரு டச்சுச் சொற்களை இணைத்து அதற்கு ஸ்னூசலன் என்று பெயரிட்டனர். மெல்லிய ஒளி, குமிழியெழும் நீர்க்குழாய்கள், மென்மையான படுக்கை, நறுமணம் சூழ்ந்த அறை. எந்தக் கோரிக்கையும் வைக்காமல் ஓய்வாகப் புலனின்பம் தருவதே அதன் நோக்கம். நாள் முழுதும் சிகிச்சைகளாலும் பயிற்சிகளாலும் அலைக்கழிக்கப்படுபவர்களுக்கு அது தந்த ஆறுதலைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஆயினும் அம்முறை உலகெங்கும் பரவி, விலையுயர்ந்த சாதனங்களின் தொகுப்பாக மாறியபோது, குழந்தை வெறும் பார்வையாளராகிவிடும் இடர் இருந்தது. குமிழிக்குழாயின் நிறத்தை மாற்ற ஒரு சுவிட்சைக் குழந்தையின் கையருகே வைத்தாலே அந்த அறை வேறாகிவிடும். பல பள்ளிகள் அவ்வாறே செய்தன.

1980களில் பிரிட்டிஷ் இசையமைப்பாளர் எட்வர்ட் வில்லியம்ஸ் சவுண்ட்பீம் கருவியை உருவாக்கினார். பிபிசியின் ‘லைஃப் ஆன் எர்த்’ தொடருக்கு இசையமைத்தவர் அவர். மீயொலிக் கதிரை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு எதிரிலிருக்கும் உடலின் தொலைவைக் கணித்து அதை இசையாக்கும் கருவி. நடனக் கலைஞர்களுக்கென எண்ணப்பட்டது. சிறப்புப் பள்ளிகளில்தான் வேர்விட்டது. தலையின் சிறு அசைவை ஒரு முழு ஸ்வர வரிசைக்கு ஈடாக விரிக்கவும் அதில் இயலும். தெர்மெனும் 1930களில் நடனமாடுவோரின் அசைவை இசையாக்கும் மேடை ஒன்றை அமைத்திருந்தார். அரை நூற்றாண்டுக்குப்பின் அதே கருத்து, நடனமாட இயலாதவர்களிடம் வந்து நிலைபெற்றது.

வாழைப்பழமும் பத்தொன்பது துளைகளும்

2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாசிமோ பான்சியும் நண்பர்களும் ஆர்டுயினோ என்ற சிறு மின்பலகையை உருவாக்கினர். மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களுக்கானது. வரைபடங்கள் யாவும் பொதுவில் வைக்கப்பட்டன. முன்பு கம்பியால் மாற்றவேண்டியதை இப்போது நிரலில் ஓர் எண்ணை மாற்றிச் செய்யலாம். 2012இல் எம்.ஐ.டி. ஊடக ஆய்வுக்கூடத்தின் ஜே சில்வரும் எரிக் ரோசன்பாமும் மேக்கி மேக்கியை வெளியிட்டனர். இணையத்தில் 25,000 டாலர் கேட்டார்கள். ஐந்தரை லட்சத்துக்கும் மேல் திரண்டது. அதில் வாழைப்பழமோ களிமண்ணோ மற்றொருவர் கையோ பொத்தானாகும். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. 22 மெகா ஓம் தடையோடு ஒப்பிட்டால் பழத்தின் தடையும் உடலின் தடையும் மிகக் குறைவு. எனவே தொட்டதும் சுற்று மூடிக்கொள்கிறது. வைஸ்விஸின் பெட்டியில் நிகழ்ந்ததும் உடல்வழி மின்னோட்டமே.

இத்தனை வசதிகள் பெருகிய அதே காலத்தில் கடைப் பொம்மைகள் மூடுண்டவையாயின. இன்றைய பொம்மைகள் பலவற்றினுள் நுண்சில்லு இருக்கிறது. பேட்டரியின் நடுவே செப்புத்துண்டைச் செருகி மின்சாரத்தை மீட்டாலும் பொம்மை ஆடாது. தன் வயிற்றிலுள்ள சிறு பொத்தானை யாராவது அழுத்தட்டும் என்று காத்திருக்கும். அந்தப் பொத்தானையே அடைந்து, அதன் இரு முனைகளில் கம்பிகளைப் பற்றவைத்தால்தான் குழந்தையின் சுவிட்ச் வேலைசெய்யும். தையலைப் பிரித்து, பஞ்சை விலக்கி, பற்றவைத்து, மீண்டும் தைக்கவேண்டும். மாற்றியமைத்த பொம்மைகள் கடையில் கிடைக்கின்றன, விலைதான் பன்மடங்கு. எனவே பற்றவைக்கும் கோலுடன் அமரும் பெற்றோரும் தன்னார்வலர்களும் பொறியியல் மாணவர்களும் இன்றும் தேவைப்படுகிறார்கள்.

2018இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் உடற்குறையுடையோர் கணினி விளையாட்டு ஆடுவதற்கான கட்டுப்பாட்டுக் கருவியை வெளியிட்டது. அதன் பின்புறத்தில் வரிசையாகப் பத்தொன்பது செருகுதுளைகள். ஒவ்வொன்றும் 3.5 மில்லிமீட்டர். வகுப்பறை மேசைகளில் ஆசிரியர்கள் பற்றவைத்த அதே அளவு. அட்டையும் அலுமினியத் தாளும் கொண்டு வீட்டில் செய்த அழுத்துதகட்டை அந்தப் புதிய கருவியில் நேராகச் செருகலாம், வேலை செய்யும்.

கை இணங்காத பிள்ளைக்கும் சிறுபறை முழக்கும் பருவம் உண்டு. அதற்கு வேண்டியவை ஒரு பேட்டரி, இரண்டு செப்பு வட்டங்கள், சில முழம் கம்பி. அத்துடன், அந்தக் குழந்தையின் உடலில் அசையும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அருகே உட்கார்ந்திருக்கும் ஒருவர்.